சாமிக்கு இல்லாத விரதம்

ஒரு கல்யாணப் பந்தியில், சித்தப்பாவின் இலைக்கு மேல் கரண்டியை நீட்டியபடி ஒருவர் திகைத்து நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கோழிக்கறி வேண்டாம் என்றார் சித்தப்பா. சரி. தயிரும் வேண்டாம் என்றார். கரண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பருப்பில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டதும், அவர் பயபக்தியுடன் குரலைத் தாழ்த்தி, "எந்த சாமிக்குங்க?" என்றார்.

"எந்த சாமிக்கும் இல்லங்க" என்றார் சித்தப்பா. பந்தி முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவிச்சியை விடுவது புதிதல்ல. மாலை போட்டால் விடுவார்கள், திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் விடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு சாமி வேண்டும், முடிகிற நாள் வேண்டும், முடிந்ததும் ஆட்டுக்கறி வேண்டும். சித்தப்பாவிடம் இவை எதுவும் இல்லை. அவருடைய பசு ஈன்ற காளைக்கன்றை அப்பா இறைச்சிக்கு விற்றுவிட்டார். லொறி போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்ற சித்தப்பா, மறுநாளிலிருந்து இறைச்சியோடு பாலையும் நிறுத்திவிட்டார். தலவாக்கலையில் வயரிங் வேலை செய்யும் மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தால் வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. கடைசியில் உடப்புசல்லாவையில் ஒரு பெண் அமைந்தார். படத்தைப் பார்த்தே சித்தப்பா சொக்கிப்போயிருந்தார். இதுவும் கலைந்தால் இனித் தேட ஆளில்லை என்று அம்மா கையை விரித்துவிட்டார். பெண் பார்க்கப் போன வேனில் அப்பா வழியெல்லாம் கெஞ்சினார்: ஒரே ஒரு கப் பால் டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்து லயன் வீடுகளில், லயத்தில், நாங்கள் தினமும் குடிப்பது பால் சேராத பிளேன் டீ. விருந்தாளிக்கு மட்டும் பால் டீ. அதை மறுத்தால் வீட்டையே மறுத்ததாகிவிடும். பெண் வீட்டில் சொந்த மாட்டுப் பால் வேறு. சித்தப்பா பெண்ணைப் பார்த்தார், அவர் நீட்டிய பால் டீத் தட்டைப் பார்த்தார். "எனக்குப் பிளேன் டீ போதுங்க" என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. நிலைமை கைமீறுவதைப் பார்த்த என் அப்பா, தம்பி விரதம் இருக்கிறான் என்று ஒரு போடு போட்டார். உடனே எல்லார் முகமும் மலர்ந்தது. எந்தச் சாமிக்கு என்றார்கள், முருகனுக்கு என்றார். எப்போது முடியும் என்றார்கள், சித்திரையில் என்றார். அப்படியானால் வைகாசியில் கல்யாணம், கெடா வெட்டி விருந்து என்று பெண்ணின் அப்பா அங்கேயே முடிவு செய்துவிட்டார். சித்தப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"வெரதம் எல்லாம் இல்லங்க. சாவுற வரைக்கும் நான் இப்புடித்தான் சாப்புடுவேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற பெண்தான் பேசினார். "நான் எல்லாம் சாப்புடுவேங்க."

"சாப்புடுங்க. நானே ஆக்கித் தாரேன்."

ஆக்கித் தருகிறேன் என்று சொன்ன மாப்பிள்ளையை அந்தப் பக்கத்து லயங்களில் யாரும் கண்டதில்லை. பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீயோடு வந்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் சித்தி. அன்றைக்குச் சித்தப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது நுவரெலியாக் கடைகளில் 'வீகன்' என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் மாசி போடாத பருப்பைக் கேட்காமலே எடுத்து வைக்கிறார்கள். ஆனால் யாரைவிடவும் மாறியது சித்தியின் அப்பாதான். மருமகன் வரும்போது துணைக்கென்று பிளேன் டீ குடிக்க ஆரம்பித்தவர், பிறகு அதிலேயே நின்றுவிட்டார். கறக்கிற பால் முழுவதும் பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போய்விடுகிறது.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பிளேன் டீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன. கொஞ்சம் பால் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா விட்டுறலாம் தம்பி" என்றார். "எங்க மருமகன்கிட்ட ஒருக்கா பேசிப் பாருங்க."