நல்ல கிருமிகளும் எண் அக்காவும்

அந்தப் பல் மருத்துவமனையில் அவரை எல்லோரும் எண் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரின் உதவியாளர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு, எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்று சத்தமாகச் சொல்வது அவர் வேலை. மூன்று வரை நல்லது. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவர் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

ஒருநாள் விளையாட்டு வாத்தியார் ஒருவர் வந்தார். பல் துலக்கினால் ரத்தம். முன்பற்கள் இரண்டும் ஆட்டம். விசிலைக் கடித்துப் பிடிக்கவே பயம். டாக்டர் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்துவிட்டு, புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். தினமும் துலக்கிய பின் சப்ப வேண்டும். அதில் உயிரோடு இருக்கும் நல்ல கிருமிகள் வாயில் குடியேறி, கெட்ட கிருமிகளுக்கு இடம் இல்லாமல் செய்யும்.

“கிருமியைக் கொல்லத்தான் இங்க வந்தேன். நீங்க கிருமியையே தின்னச் சொல்றீங்களே!” என்றார் வாத்தியார்.

“சேட்டைக்காரப் பையன் இடத்துல நல்ல பையனை உக்கார வைக்க மாட்டீங்களா சார்? அந்த மாதிரிதான்” என்றார் அக்கா.

ஆறு வாரம் கழித்து அளந்தபோது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “அஞ்சு... ஆறு... ஆறு.” ரத்தம் கொஞ்சம் குறைந்ததோடு சரி.

“மாத்திரை வேலைக்கு ஆகல. அடுத்த வாரம் ரெண்டு பல்லையும் எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. “படுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க சார்.”

“துலக்குவேன். மாத்திரையைச் சப்புவேன். அப்புறம் நீங்க கொடுத்த மருந்துத் தண்ணியில கொப்பளிப்பேன். கடைசியா அதுதான் வாயில படணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தண்ணீர் எந்தக் கிருமியையும் விடாது. வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டிலை நீட்டி இதையே சொல்லிச் சொல்லி, இவரிடமும் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. குடிவந்த நல்ல கிருமிகள் தினமும் கூண்டோடு காலி!

வாத்தியார் மேல் பழியைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா நேராக டாக்டரிடம் போனார்.

“மாத்திரை மேல தப்பில்ல டாக்டர். நான்தான் கெடுத்துட்டேன்.”

கேட்டு முடித்ததும் டாக்டர் வெடித்தார். “இத்தனை வருஷ அனுபவம் எங்கேம்மா போச்சு?”

“திட்டுறதை அப்புறம் திட்டுங்க. பல்லை எடுக்காதீங்க. அந்தத் தண்ணியை நிறுத்திட்டு இன்னும் ஆறே வாரம் பாப்போம்.”

டாக்டர் முறைத்தார், ஆனால் சம்மதித்தார். அன்று மாலைக்குள் அந்த மாத்திரை வாங்கிய மற்ற பத்துப் பேருக்கும் அக்கா போன் போட்டு, “நான் தப்பா சொல்லிட்டேன்” என்று தனித்தனியாகச் சொன்னார். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து வாத்தியார் வாயைத் திறந்ததும், அக்கா கம்பியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டார். “நீங்களே அளங்க. குறையணும்னு எனக்கு ஆசை இருக்கு. என் கையை என்னால நம்ப முடியல.”

டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். “நாலு. மூணு. நாலு.” ரத்தம் இல்லை. “இடது முன்பல் பின்பக்கம் மட்டும் இன்னும் அஞ்சு.” டாக்டர் பற்களை மெல்ல அசைத்துப் பார்த்தார். “ரெண்டும் இருக்கட்டும்.”

வாத்தியார் சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே அந்த ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் அடுத்து அளக்க வேண்டிய தேதியை எழுதினார்.