வால்வு மூடிமேல் இருந்த குடம்

தங்கவேலுவுக்கு வலது தோள் காலையிலிருந்தே கழன்று விழுவதுபோல் வலித்தது. குழாய் வால்வுகளை நீண்ட இரும்புச் சாவியால் திருகித் திருகி வந்த வலி. இதைக் கதை என்று சொல்வது பேச்சுக்குத்தான். தங்கவேலு சொன்னதைச் சுலோச்சனாவிடமும் கேட்டு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

1946, மே மாதம். மயிலாப்பூர் கால்வாய் ஓரமாக முப்பத்தெட்டுக் குடிசைகள். அந்த இடத்தில் மார்க்கெட் கட்டுவதென்று கவுன்சிலில் முடிவாகிவிட்டது. சனங்கள் நகரவில்லை. கவுன்சில் இன்னொரு முடிவு எடுத்தது. அங்கே இருந்த ஒரே குழாயை மூடுவது. தண்ணீர் நின்றால் தானாகக் கிளம்புவார்கள்.

மூடவேண்டியவன் தங்கவேலு. ஆறு வருஷமாகக் கார்ப்பரேஷனில் தினக்கூலி.

"பன்னெண்டுக்குள்ள மூடிடு," என்றார் மேஸ்திரி ஷரீஃப். "பெர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் கீது. கெடுத்துக்காதே."

போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த சுலோச்சனா இடுப்பில் கைவைத்து வழி மறித்தாள்.

"இன்னா தங்கவேலு, எங்க தண்ணிய மூட்டை கட்டிக்கினு போவ வந்தியா?"

அவன் வால்வைப் பார்த்து நடந்தான். வால்வின் இரும்பு மூடிமேல் ஒரு மண்குடம் இருந்தது. வரிசையில் கடைசிக் குடம். கழுத்தில் சுண்ணாம்பால் மூன்று கோடு.

"யாருது?"

"முத்தம்மாளுது. வாந்தி பேதி. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியில இட்டுக்கினு போறாங்க. திரும்பி வந்தா குடிக்கணும்னு வெச்சுட்டுப் போனா. அதத் தொடாத. நகத்துனா நீதான் ரொப்பித் தரணும்."

அது குழாயடி வழக்கம். அடுத்தவர் குடத்தை வரிசையிலிருந்து நகர்த்தினால், நகர்த்தியவர்தான் நிரப்பித் தரவேண்டும். தங்கவேலுவும் அப்படியொரு குழாயடியில் வளர்ந்தவன்தான்.

"ரொப்பித் தரேன், போ," என்றான்.

குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தான். மூடியைத் திறந்து சாவியை இறக்கினான். பதினொன்று ஐம்பதுக்குத் தண்ணீர் நின்றது.

ஒன்பதே நாளில் குடிசைகள் காலி. பத்தாம் நாள், குழாயையே பிடுங்கி எடுத்துவரச் சொன்னார் ஷரீஃப்.

நல்ல வெயில். கூரையில்லாத மண்சுவர்கள். ஒரு காக்கைகூட இல்லை. சாந்தோம் மாதா கோயிலின் மதிய மணி கேட்டது.

வால்வு மூடிமேல் ஒரு குடம் இருந்தது.

மூன்று சுண்ணாம்புக் கோடு. கோடுகள் இன்னும் காயவில்லை.

எவளோ மறந்து விட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். தூக்கினான். காலிக் குடம்... ஆனால் நிறைகுடம் மாதிரி கனத்தது. அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. ஓரமாக வைத்தான்.

டொக்.

குழாயைப் பார்த்தான். வாயில் துரு. பத்து நாளாகக் காய்ந்து கிடக்கிறது.

டொக்... டொக்...

சத்தம் குடத்துக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தான். உள்ளே சொட்டு ஈரமில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். திரும்பவில்லை. ஆனால் தெரிந்தது.

"ரொம்பிச்சா, நைனா?"

வறண்ட குரல். நாக்கு அண்ணத்தில் ஒட்டின குரல்.

"தண்ணி இல்லம்மா... மூடியாச்சு."

"நீதானே நகத்துன."

சாவி கையில்தான் இருந்தது. இரண்டு திருகு போதும். குடம் நிறைந்துவிடும். மூடின குழாயைத் திறந்தான் என்று யாராவது போய்ச் சொன்னால்? மறுநாள்தான் லிஸ்ட்.

"நாளைக்கு," என்றான்.



டொக்.

நின்றது.

திரும்பினான். யாரும் இல்லை. புழுதியில் அவன் கால்தடம் மட்டும்.

குடமும் இல்லை.

குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனான். மறுநாள் அவன் பேர் லிஸ்ட்டில் வந்தது.

அடுத்த வாரம் ராயப்பேட்டை மார்க்கெட்டில் சுலோச்சனாவைப் பார்த்தான். முத்தம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

"அவளா? நீ குழாய மூடுன அன்னிக்கே பூட்டா. ஆஸ்பத்திரி வாசல் தாண்டல. தண்ணி தண்ணின்னுகினே பூட்டா."

"அவ குடம்..."

"அன்னிக்கி சாயங்காலமே அதத்தான் கொள்ளிக்குடமா எடுத்துக்கினு போனோம். வேற ஏது? தம்பிக்காரன் தோள்ல வெச்சு மூணு சுத்து சுத்தி உடைச்சான். ஓட்டைபோட்டா தண்ணி ஒழுவணும் இல்ல? ஒரு சொட்டு இல்ல. காலிக் குடத்தச் சுத்தித்தான் அவள அனுப்பி வெச்சோம்."

தங்கவேலு எதுவும் வாங்காமல் வீட்டுக்கு நடந்தான். பத்தாம் நாள் அவன் தூக்கியது, முதல் நாளே சுடுகாட்டில் உடைந்த குடம்.

இப்போது அங்கே மார்க்கெட் வந்துவிட்டது. தங்கவேலுவுக்கு மாசச் சம்பளம். மதிய மணி அடித்தால் மட்டும் வலது தோள் ஜில்லென்று கனக்கிறது. நிரப்ப அந்தக் குழாயும் இல்லை, குடமும் இல்லை.

முத்தம்மாளுக்கு ஒரு குடம் தண்ணீர். இன்னும் தரவில்லை.