பொங்கோல் கரைக்குப் போன சேறு

கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் அறைக்குள் வெள்ளம் வந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கல்யாணமான முதல் வருடம். விடியும்போது கண் விழித்தால், குடிலில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஆடுகள் கட்டிலைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. கனவென்று நினைத்துச் சற்று நேரம் பார்த்தபடியே படுத்திருந்தேன்.

மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குத் திரும்பிவிடும். அதனால் ஆறு கடலில் சேரும் இடத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். தோண்டிய சேற்றைத் தொங்கான் என்கிற சரக்குப் படகில் ஏற்றிப் போவது என் கணவரின் வேலை. அவர் சட்டையை எத்தனை முறை அலசினாலும் உப்பும் இலை அழுகலும் கலந்த வாசம் போகாது.

"இவ்வளவு சேத்தையும் எங்கதான் கொட்டுறீங்க?"

"அழுக்குச் சேறு வேற எடத்துக்குப் போகுது. நல்லது மட்டும் பொங்கோலுக்கு. அங்க கடல் கரையத் தின்னுக்கிட்டே வருதும்மா. கல்லு வரப்பு கட்டி உள்ள நெரப்புறோம். வந்து பாக்குறியா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு வெளி. வானம் எது, சேறு எது என்று தெரியவில்லை. ஓரத்தில் தூண்கள்மேல் ஒரு மரவீடு. அங்கிருந்த மலாய் அம்மாவை எல்லாரும் மாச்சிக், அதாவது அத்தை, என்றே கூப்பிட்டார்கள். அவருடைய தென்னைகள் ஒவ்வொன்றாகக் கடலில் சாய்ந்துவிட்டனவாம். முருங்கைக்காய் போல நீண்ட பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தின் விதைகளைப் புதுச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தார். என் கையிலும் ஒரு கட்டு விதையைக் கொடுத்தார். இறங்கியதும் முழங்கால்வரை புதைந்துபோனேன். இருவரும் இழுக்க, மூவரும் சேர்ந்து விழுந்தோம். சேறு இளஞ்சூடாக இருந்தது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

அடுத்த மழைக்காலப் புயல் பாதிச் சேற்றையும் நாற்றுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. "எல்லாம் போச்சு லா," என்று என் கணவர் வரப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை. மாச்சிக் மரக்கிளைகளை வெட்டி வேலியாக நட ஆரம்பித்தார். லீவு நாட்களில் நாங்களும் போய்ச் சேர்ந்துகொண்டோம். வேலிக்குப் பின்னால் தொங்கான் மறுபடி சேறு கொட்டியது. இந்தத் தடவை அது நின்றது.

ஆற்றுமுகம் ஆழமான பிறகு எங்கள் சந்தில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுகொண்டது. பொங்கோலில் மரங்கள் என் தோளைத் தாண்டின. வேர்களுக்கிடையே மீன்கள் சேற்றில் துள்ளி நடந்தன, கொக்குகள் இறங்கின. எங்கள் மகள் நடக்கப் பழகிய வருடம் ஒரு பெரிய கடல் ஏற்றம். மாச்சிக் பயந்து, பாய்களைச் சுருட்டி உத்தரத்தில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். நாங்களும் பக்கத்தில் நின்றோம். கடல் மரங்களுக்குள் நுழைந்தது. இலைகள் மெதுவாக அசைந்தன. அலையின் வேகம் அடங்கி, தண்ணீர் வேர்களுக்குள்ளேயே தயங்கியது. வெகுநேரம் அப்படியே கிடந்து, பிறகு வந்த வழியே வடியத் தொடங்கியது.

மாச்சிக் உள்ளே போய் ஒரு பாயை இறக்கி விரித்தார். "உட்காருங்க," என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.