மீன் தொட்டியில் பால் பவுடர்

போன மாதம் ஒரு முகூர்த்த நாள். சேலத்தில் கல்யாணம். பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் திருச்செங்கோட்டுக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் காலை வைத்தால்... ஹாலில் இருந்த மீன் தொட்டி வெள்ளை வெளேர் என்று நின்றது. நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கிய மோர் மாதிரி!

எதிரில் பிளாஸ்டிக் சேரில் என் அண்ணன். சொன்ன வேலையைச் சரியாக முடித்துவிட்ட திருப்தி முகத்தில்.

"வா அம்மிணி. தண்ணி மாத்தியாச்சு. குளோரினுக்கும் மருந்து போட்டுட்டேன்."

"என்ன மருந்துங்கண்ணா?"

"பால் பவுடரு!"

நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தொட்டியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக... என்னிடம் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருக்கிறது. தட்டையான உடம்பு, நீளமான துடுப்பு, பார்க்க சாது. ஆனால் முட்டை வைக்கும், இரண்டொரு நாளில் தானே தின்றுவிடும். மறுபடி வைக்கும், மறுபடி தின்னும். ஏன் தின்கிறது? பயந்தால் தின்னும். தண்ணீர் பிடிக்காவிட்டால் தின்னும். சில சமயம் காரணமே இல்லாமலும் தின்னும் என்று மீன் கடை பாய் சொல்வார்.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் பிரச்சினையே. இந்தியா முழுக்க ரிக் வண்டி அனுப்பி போர்வெல் போடுகிற ஊர் இது. என் வீட்டுக்காரரும் ஒரு ரிக்கோடு இப்போது எங்கேயோ வடக்கே பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது! கப்பி மீன் அதில் குஷியாக வாழும். ஏஞ்சல் முட்டை பொரிக்காது. அதற்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் வேண்டும். அதிலோ குளோரின். பிடித்து, டிரம்மில் திறந்து வைத்து, காற்றோட்டம் கொடுத்து, சில நாள் கழித்துத்தான் தொட்டிக்கு ஊற்ற முடியும்.

சரி, அண்ணன் எங்கிருந்து வந்தார்?

மல்லசமுத்திரம் பக்கத்தில் அவருக்கு முட்டைக் கோழிப் பண்ணை. விவரம் தெரிந்த நாளிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஷெட்டுக்குப் போய்ப் பழகியவர். போன வருஷம் அவர் மகன் பண்ணை முழுக்க மெஷின் போட்டான். தீவனம் தானாகப் போகிறது, முட்டை தானாக உருண்டு வருகிறது, விளக்கு தானாக எரிகிறது. நல்ல பையன். அப்பா மேல் பாசம். ஒரு நாள் சொன்னான் — "இனி நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா."

அண்ணன் ரெஸ்ட் எடுத்தார். எப்படி? நான்கு மணிக்கு எழுந்து, வாசலில் உட்கார்ந்து, ஷெட்டைப் பார்த்துக்கொண்டு! பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. அண்ணி எனக்கு போன் பண்ணி அழுதார்.

ஒரு நாள் ஏதோ வேலையாக என் வீட்டுக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஏஞ்சல், முட்டையைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

"அட, நம்ம கோழியாட்டவே கொத்துது பாரு!"

ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் முகம் மலர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தினம் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். டீ குடிப்பார். தொட்டியைப் பார்ப்பார். "எத்தன முட்ட கூடுச்சு, எத்தன கூடல?" என்று கருக்கூடிய கணக்கை விசாரிப்பார். உள்ளபடி சொல்கிறேன், எனக்கு மீனை விட அவர் வருவதுதான் சந்தோஷமாக இருந்தது.

இந்த முறை அதிசயமாக ஏஞ்சல்கள் முட்டையைத் தின்னவில்லை. சாய்த்து வைத்திருந்த கடப்பாக் கல் துண்டில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் வால் மட்டும் துடிக்க ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு நழுவி விழுந்தால் அப்பா மீன் ஓடிப்போய் வாயில் கவ்வி, திரும்பக் கல்லில் துப்பும். அண்ணன் அதைச் சலிக்காமல் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணம். வீட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்தேன். "டிரம்மு தண்ணில ரெண்டு மக் மட்டும் ஊத்துனாப் போதுங்கண்ணா. குழாத் தண்ணி ஆகாதுங்க. குளோரின் இருக்குது" என்றேன். அவரும் தலையாட்டினார்.

நான் போன பிறகு குழாயில் காவிரித் தண்ணீர் வந்திருக்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்து வருகிற தண்ணீர். எங்கள் பக்கத்தில் அது வந்தால் வீட்டில் இருக்கிற பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்காத ஆள் உண்டா? அண்ணனும் டிரம்மில் இருந்ததைத் தென்னைக்கு ஊற்றினார். டிரம்மைத் தேய்த்துக் கழுவினார். புதுத் தண்ணீர் பிடித்தார். குளோரின் ஞாபகம் வந்தது. அதற்குத்தான் அவருக்கு வைத்தியம் தெரியுமே!

கோழிப் பண்ணையில் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து வீணாகிவிடும். அதனால் முதலில் பால் பவுடரைக் கரைத்துக் குளோரினை முறித்துவிட்டு, பிறகு மருந்து போடுவார்கள். அண்ணன் பிக்கப்பில் எப்போதும் ஒரு பாக்கெட் கிடக்கும். டிரம்மில் கொஞ்சம் கரைத்தார். தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு அதை ஊற்றினார். நம்பிக்கை போதாமல், தொட்டியிலும் நேராக ஒரு பிடி போட்டார்.

குளோரின் முறிந்துதான் இருக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் பால் கெட்டுப்போகுமே! மூடி வைத்த தொட்டி, சித்திரை வெயில். பெரிய மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியவில்லை.

நான் கத்திவிட்டேன்.

"இது கோழி இல்லீங்கண்ணா! சொன்னதச் செய்யாம எதுக்குங்க இந்த வேலை?"

அவர் எழுந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வாரேன் அம்மிணி" என்றார். போய்விட்டார். பிக்கப் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம். இவர் இனி இந்தப் பக்கம் வருவாரா? மறுபடி வாசலில் உட்கார்ந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாரே... நான் பயந்தது அதற்குத்தான்.

ஆனால் அழுவதற்கு நேரமில்லை. காற்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்தேன். டியூபைப் போட்டுப் பால் தண்ணீரை இறக்கினேன். ஊற்ற நல்ல தண்ணீர்? டிரம்மிலும் பால். போர் தண்ணீர் ஊற்றினால் குஞ்சு தாங்காது. குளோரினை எடுக்கிற சொட்டு மருந்து தீர்ந்திருந்தது. மீன் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பாய் மகளுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். போனில் கூப்பிட்டால் பின்னால் மைக் செட்!

தொட்டியில் கொஞ்சம்போலத் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு, கை பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கலங்கலிலும் அப்பா மீன் கல்லை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரம். வாசலில் பிக்கப் சத்தம்.

அண்ணன் இறங்கினார். வேட்டி முழங்கால் வரை ஈரம். பின்னால் பிளாஸ்டிக் கேன்கள், வரிசையாக, தளும்பத் தளும்ப.

"ஜேடர்பாளையம் போயிருந்தனம்மிணி. காவேரி ஆத்துலயே மொண்டுட்டு வந்துட்டேன். இதுல ஆரும் குளோரின் போடல."

ஆற்றுத் தண்ணீரில் என்னென்ன கிருமி இருக்கும் என்று எனக்கும் தெரியும். வேறு வழி? வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். கேனைத் தொட்டி பக்கத்தில் வைத்து, சூடு ஒன்றாகிறவரை காத்திருந்து, மெல்லிய டியூபில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். டியூபை அண்ணன்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

"செத்துப் போச்சுன்னா சொல்லிப்போடு அம்மிணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நீங்க நாளைக்கு வராம இருந்தாத்தானுங்க எனக்குக் கோவம்" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் தெளியத் தெளிய, கல்லில் குஞ்சுகள் தெரிந்தன. பாதிக்கு மேல் வெளுத்துப் போயிருந்தன. மிச்சத்துக்கு வால் துடித்தது.

அந்த மிச்சம் பிழைத்துக்கொண்டது. நீந்த ஆரம்பித்ததும் அதற்கு உயிருள்ள தீனி வேண்டும். ஆர்ட்டீமியா என்று தூசி மாதிரி முட்டை விற்பார்கள். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் மறுநாள் பொரியும். அந்த வேலையை அண்ணன் கையில் கொடுத்தேன். "அட, இதும் ஹேச்சரிதானா!" என்றார். இரண்டு சோடா பாட்டிலைக் கவிழ்த்து மாட்டி, ஒன்று மாற்றி ஒன்று பொரிக்கிறார். பொரிப்பு குறைந்தால் முட்டை விற்ற பாயிடம் சண்டைக்குப் போகிறார்.

பெரியவர்களிடம் "ரெஸ்ட் எடுங்க" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ரெஸ்ட் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா?

போன வாரம் அண்ணன் மகன் போன் பண்ணினான். "ஏனுங்கத்தை, அப்பா கடைசி ஷெட்டக் காலி பண்ணித் தரச் சொல்றாருங்க. மீன் தொட்டி கட்டோணுமாம். நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்."

"சொல்றன் சாமி. மொதல்ல ஷெட்டக் காலி பண்ணு" என்றேன்.

இப்போதெல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கு என் போன் அடிக்கிறது. "அம்மிணி, குஞ்சு எந்திரிச்சுதா? தீனி எடுத்துட்டு வாரேன், கதவத் தொற!"

குஞ்சுகளுக்குத் தீனி கிடைத்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்தது. போனது என் தூக்கம் மட்டும்தான்... போகட்டும்!