சித்தப்பா சுற்றிப் பார்த்த மனாமா

மனாமாவில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சுற்றுலாப் பயணி சித்தப்பாதான். மூன்றாம் வகுப்புக்காரியான எனக்கு அது பெரிய கௌரவம். வெளிநாட்டுக்காரர்கள் ஏன் நம் ஊருக்கு வருகிறார்கள் என்று ஒரு பயணியிடமே கேட்டு வந்து வகுப்பில் பேச வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மற்ற பிள்ளைகள் பயணிக்கு எங்கே போவார்கள்? எனக்கோ குதைபியா ஏரியாவில், எங்கள் ஹால் சோபாவிலேயே ஒருவர் படுத்திருந்தார்.

விசிட் விசாவில் அவர் வந்தது வேலை தேடத்தான். நான் ஓட்டைவாய் என்பதால் என்னிடம் மட்டும் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். நம்பிவிட்டேன். ஆனால் அவர் சுற்றிப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவேயில்லை. காலையில் முழுக்கைச் சட்டை, டை, கையில் ஒரு பைல். அந்த வெயிலில் எந்தப் பயணி டை கட்டுவான்? மாலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கத் திரும்பி வருவார்.

"இன்னைக்கு எந்த பிளேஸ் பார்த்தீங்க சித்தப்பா?"

"ஒரு பெரிய ஆபீஸ் பாப்பா. லிப்ட்ல போனா காது அடைக்குது."

"நம்ம கன்ட்ரில உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

டையைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "ரிசப்ஷன்ல உட்கார வெச்சு ஜில்லுனு தண்ணி குடுக்கறாங்க."

அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இதை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன பேசுவது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விசா முடியும் வாரத்தில் ஒருநாள் சித்தப்பா வாசலிலேயே அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கெடைச்சிருச்சுண்ணே!" கிடைத்தது வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைத் தூக்கிச் சுற்றி, "யல்லா பாப்பா, கிளம்பு! எங்க கூட்டிட்டுப் போற?" என்றார். கடலோரக் கோட்டைக்கு என்றேன்.

அங்கே போனதும் ஊரிலிருந்த சித்திக்குப் போன் போட்டார். கடலைப் பார்த்தபடி "ம்... ஆமா... ம்..." என்பதற்குமேல் பேச வரவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: எங்கள் கோட்டை அவ்வளவு அழகு, அதைப் பார்த்து என் சித்தப்பா அழுதேவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அவ்வளவு நேரமும் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.