புது லாரியில் ஏறிப்போன கூழ்வண்டி

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் ஒரு பட்டறைக்கு எதிரே, ரோட்டோரம் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் விற்கிறேன். வெல்டிங்காரர்களும் பெயிண்டர்களும்தான் என் வாடிக்கை. சாயங்காலம் வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிவிட்டுப் போவேன். இது பட்டறை முதலாளிக்குத் தெரியாது. வாட்ச்மேனுக்குத் தினமும் ஒரு சொம்பு கூழ். எங்கள் ஒப்பந்தம், கையெழுத்து, முத்திரை எல்லாமே அந்தச் சொம்புதான்.

போன சித்திரையில் ஒரு நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. என் வண்டி நனைகிறதே என்று வாட்ச்மேனுக்கு மனசு பொறுக்கவில்லை. வேலை முடிந்து நின்ற, மேலே கூரை போட்ட ஒரு புது லாரிக்குள் பலகை போட்டு அதை ஏற்றி, சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்து, பின்கதவைச் சாத்திவிட்டார். விடிந்ததும் இறக்கிவிடலாம் என்பது அவர் நினைப்பு. லாரிக்காரர்களோ நல்ல நேரம் பார்த்து விடியுமுன்பே வந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டுவிட்டார்கள். புது வண்டியின் பின்கதவை மல்லசமுத்திரத்தில் இருக்கும் குலதெய்வம் கோயிலில்தான் திறப்பது என்று அந்த வீட்டு வழக்கமாம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, கொடுத்த பொங்கலையும் சாப்பிட்டுவிட்டு, லாரி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தலையில் கை வைத்திருக்கிறார்.

அன்றைய கூழைக் கரைத்துப் பானையோடு நான் வந்து நின்றேன்.

"அம்மிணி, உன்ற வண்டி மல்லசமுத்திரம் போயிருச்சு" என்றார்.

"ஏனுங்ண்ணா, அது தானாவா போச்சு?"

அந்த வண்டி இல்லாவிட்டால் என் வீட்டில் உலை கொதிக்காது. அவருடைய மொபெட்டில் ஏறிக்கொண்டேன். மடியில் கூழ்ப்பானை. வேகத்தடை வரும்போதெல்லாம் எனக்கு அபிஷேகம். மெதுவாகப் போகச் சொன்னால் வண்டி போய்விடும், வேகமாகப் போகச் சொன்னால் கூழ் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். திருச்செங்கோடு தாண்டியபோது எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு அடக்க முடியவில்லை.

கோயிலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் குடும்பம் பின்கதவைத் திறந்ததும் என் வண்டியைப் பார்த்து, பட்டறை கொடுத்த அன்பளிப்பு என்று முடிவு கட்டி, இறக்கி, மாலையும் போட்டிருந்தார்கள். பானையோடு என்னைக் கண்டதும், "கூழும் வந்துருச்சுங்க!" என்று ஒருவர் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். பழக்கதோஷம், நானும் ஊற்ற ஆரம்பித்துவிட்டேன்.

ஊற்றிக்கொண்டே, "இது என்ற வண்டிங்க" என்றேன்.

லாரிக்காரர் சிரித்தார். "பட்டறைல குடுத்ததுங்க்கா. உங்குளுதுன்னா என்ன ருசு?"

என்ன ருசு? பில் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, நம்பர் கிடையாது. இருந்த ஒரே சாட்சி வாட்ச்மேன். அவர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஒரு வேப்பமரத்தை அதுவரை மரத்தையே பார்க்காதவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டறை மொதலாளியவே கேட்டுறலாமுங்க" என்று லாரிக்காரர் போனை எடுத்தார். அவ்வளவுதான், இரண்டு பேர் பிழைப்பும் போச்சு என்று நினைத்தேன்.

கூழ் குடித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா டம்ளரை இறக்கினார். "போன வெய்யிடா. பான நெறையக் கூழக் கரைச்சு மடில வெச்சுக்கிட்டு, பொய் சொல்றதுக்கா ஒருத்தி இத்தன தொலவு வருவா? பொழப்புக்காரிடா அவ. மொத லோடு சோத்து வண்டியா வாச்சிருக்குது. நீயே கொண்டுபோயி எறக்கிப்போட்டு வா, சாமி."

திரும்பும்போது நான் கேபினில் உட்கார்ந்து வந்தேன். ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டு, வழி நெடுக அடித்தேன். பின்னால் மொபெட்டில் வந்த வாட்ச்மேன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது கண்ணாடியில் தெரிந்தது. அதற்கும் ஒரு ஹாரன்.

நாமக்கல் வந்ததும் லாரிக்காரர், "எங்கீங்க எறக்கோணும்?" என்றார்.

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும், "ரோட்டோரமாக் கூழு ஊத்தறேனுங்க" என்றுதான் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு வாயில் வேறு வந்தது.

"பட்டறைக்கு எதுத்தாப்ல என்ற கடை இருக்குதுங்க. அங்க எறக்குங்க."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. சிரிப்பாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.