மழை மேடையில் சங்கிலிக்காரி

சங்கிலிக்காரியைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அவள் ஒரு சண்டை கேமில் வருகிற பெண். இடுப்பில் சுற்றியிருக்கும் சங்கிலியை உருவி எதிராளியின் காலைப் பார்த்து வீசுவாள். மாட்டினால் இழுத்துத் தரையில் போட்டு அடிப்பாள். அந்த கேமில் மொத்தம் பதினான்கு பேர். நான் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அவளைத் தவிர வேறு யாரையும் எடுத்ததில்லை. ஜெயித்துக்கொண்டும் இருந்தேன். அதனால் நான் நல்ல ஆட்டக்காரி என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் நைனா நோட்டு, பேனா, ஃபைல் விற்பார். உள்பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் நான். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவேன். சர்வர் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போதெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ கேம் இசை கேட்பேன். சண்டைக்கு முன்னால் வருவது, கப்பல் கிளம்பும்போது வருவது, எல்லாம் முடிந்து திரையில் எழுத்து ஓடும்போது வருவது. இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல்தான் போனில் ஓர் அரட்டைக் குழுவை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை நான் ஓர் இசையைப் போடுவேன். ஞாயிறு வரை எல்லோரும் அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். விதி அவ்வளவுதான்.

முதலில் ஏழு பேர் இருந்தோம். அதில் ஒருத்தி மேல்சித்தாமூரில் இருக்கும் என் பள்ளித் தோழி. இப்போது கணக்கு டீச்சர். அவளையும் அட்மினாகப் போட்டுக்கொண்டேன். பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்தார்கள். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் கேம் மெட்டுகளை விசிலடித்து அனுப்புவார். ஓர் அம்மா, தன் மகன் விளையாடும்போது கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன மெட்டை வீணையில் வாசித்து அனுப்பினார். அதைக் கேட்டுக்கொண்டே நான் ஒரு பெரியவருடைய பிறந்த வருடத்தைத் தப்பாக அடித்து, அவரைப் பன்னிரண்டு வயதுப் பையனாக்கிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் சண்டை கேமின் இசையையே போட்டேன். அந்த கேமில் மழை மேடை என்று ஒன்று உண்டு. சுற்றிலும் பாறை, மேலிருந்து கொட்டும் மழை, எங்கோ தொங்கும் மணிகள். அந்த இசை எனக்கு உயிர். எப்போது ஆடினாலும் அந்த மேடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். எல்லோரும் மணியோசையைப் பற்றி உருகி எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த கேமில் சண்டை போடும் கரடியின் படத்தை முகப்பில் வைத்திருந்த ஒருவர் இப்படி எழுதினார்: “பாட்டு சூப்பர். ஆனா அந்த மேடையில சங்கிலிக்காரிய எவனாலும் ஜெயிக்க முடியாது. அவளுக்குப் பவர் ஓவர். கொறைக்கணும்.”

சண்டை பிடித்துக்கொண்டது. விசிலடிக்கும் கிரேன்காரர் கரடி பக்கம். வீணை அம்மாவின் மகன் என் பக்கம். என் தோழி ஆடுவதே இல்லை. ஆனால் எண் என்று வந்துவிட்டால் விடமாட்டாள். கேமில் ஒரு வினாடியை அறுபது ஃபிரேமாகப் பிரித்திருப்பார்கள். சங்கிலி கிளம்பி எதிராளியைத் தொட இருபத்திரண்டு ஃபிரேம் ஆகிறது என்று அவள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் போட்டாள். “வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பார்த்துத் தடுக்கலாம். அதிகப் பவர் கிடையாது” என்றாள். நான் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினேன்.

கரடிக்காரர் விடவில்லை. “டீச்சர், உங்க நம்பர் சரி. எனக்கு மாட்டுறதும் சரி.”

“மாட்டுதுன்னா உங்க கை ஸ்லோ” என்று நான் எழுதினேன்.

பத்து நாள் ஓடியது. அடுத்த வெள்ளி நான் போட்ட இசையை ஒருவர்கூடக் கேட்கவில்லை. காலையில் கடையைத் திறந்து முதல் ஆளின் வேலையை முடிப்பதற்குள் குழுவில் நூறு செய்தி விழுந்திருக்கும். படிக்கப் படிக்கக் காது சூடாகும். ஆனால் உண்மையைச் சொன்னால், அவ்வளவு உற்சாகமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் யோசிப்பேன். நைனா, “இன்னாம்மா, யார்கிட்ட சண்டை போடுற, தனியா முணுமுணுக்கிற?” என்று கேட்டார். “கரடிகிட்ட நைனா” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பதினோராம் நாள் கரடிக்காரர், “அட்மினே சங்கிலிக்காரிய வச்சு ஆடுறவங்க. அப்புறம் எப்படி நியாயம் கெடைக்கும்?” என்று எழுதினார். விதியைக் காட்டி அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். தோழி உடனே போன் செய்தாள்.

“இசைய விட்டுட்டு வேற பேசினதுக்காகத் தூக்கினேன்றியே, அப்ப மொதல்ல உன்னைத்தான்டி தூக்கணும்.”

போனை வைத்துவிட்டு அடுத்த ஆளின் விண்ணப்பத்தைத் திறந்தேன்.

அன்று சாயங்காலம் கரடிக்காரரிடமிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. திட்டுவார் என்று நினைத்துத்தான் திறந்தேன். “மேடம், நான் தப்பா பேசியிருந்தா மன்னிச்சுடுங்க. ஆனா சொன்னது பொய் இல்ல. மத்த மேடையில எல்லாம் அந்தச் சங்கிலிய தடுத்துடுறேன். மழையில மட்டும் முடியல. இன்னா காரணம்னு எனக்கே தெரியல.”

குரல் நிதானமாக இருந்தது. அதற்குப் பின்னால், பஸ் உறுமும் சத்தத்துக்கு நடுவில், ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்: “செஞ்சி, செஞ்சி, செஞ்சி! ஏறு ஏறு, உள்ள போ!”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவரை நான் கோயம்புத்தூர் என்று நினைத்திருந்தேன், சில நாள் மலேசியா என்றும். “எந்த ஊர் நீங்க?” என்று அடித்தேன்.

“அவலூர்பேட்டை.” இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

“நான் செஞ்சி.”

பிறகு, “நம்ம செஞ்சியா?”

“எத்தினி செஞ்சி இருக்குது? ஞாயித்துக்கெழம மதியம் வாங்க. நேர்ல ஆடிப் பார்த்துடலாம்.”

ஞாயிறு மதியம் கடையில் கூட்டம் இருக்காது. பெரிய மானிட்டரைத் திருப்பி வைத்து, ஸ்பீக்கரையும் இரண்டு கன்ட்ரோலரையும் இணைத்தேன். தோழி ஸ்கூட்டியில் வந்து, பை நிறைய வேர்க்கடலையும் கோடு போட்ட ஒரு நோட்டுமாக உட்கார்ந்தாள். கல்லூரிப் பையன் ஒருவன் வருவான் என்று இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தடித்த மீசை. தோளில் தங்க நிறச் சரிகை தொங்கும் சிவப்பு கோட்டு. கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

நைனா எழுந்து நின்று, “யாருக்குப்பா கல்யாணம்?” என்றார்.

“காலையில ஒரு முகூர்த்தம் சார், முடிச்சிட்டு நேரா வந்துட்டேன். பேண்டு செட்டுல ட்ரம்பெட் வாசிக்கிறேன்” என்றவர், என்னையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல அட்மின் யாரு?”

நான் கையைத் தூக்கினேன். “சாப்டீங்களா ணா?” என்பதுதான் முதலில் வாயில் வந்தது. பத்து நாள் எழுத்தில் போட்ட சண்டையெல்லாம் அந்தச் சிவப்பு கோட்டைப் பார்த்ததும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்ததும் திரும்பி வந்துவிட்டது. மழை மேடை. அவர் கரடியை எடுத்தார், நான் சங்கிலிக்காரியை. மூன்று ஆட்டம், மூன்றிலும் நான். சங்கிலி வீசியபோதெல்லாம் கரடி மாட்டியது. “பார்த்தீங்களா?” என்றேன், இளிப்பை அடக்க முடியாமல். அவர் கோபப்படவில்லை. “இப்ப சந்தை மேடைக்கு வா தங்கச்சி” என்றார். அங்கே என் சங்கிலி ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. வீசுவதற்கு முன்பே தெரிந்ததுபோல் தடுத்தார். மூன்றிலும் அவர்.

தோழி பேனாவைக் கடித்தாள். “மேடை மாறினா ஃபிரேம் மாறாதே. அதே இருபத்திரண்டுதானே?”

“கண்ணால பார்த்தா தடுக்கிறீங்க?” என்று நான் கேட்டேன்.

அவர் யோசித்தார். “கண்ணா? இல்ல. அவ சங்கிலிய உருவும்போது ‘ணிங்’குனு ஒரு சத்தம் வரும் இல்ல? அது காதுல விழுந்ததும் கை தானா போயிடுது.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் அசைந்தார். “மறுபடி மழைக்குப் போ. அடிக்காத. சும்மா நில்லு. பாட்டு ஓடட்டும்.” பெட்டியைத் திறந்து ட்ரம்பெட்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மழை இரைந்தது; அதன் மேல் மணி ஒன்று விழுந்தது. அவர் உதட்டில் வைத்து மெதுவாக அந்தச் சுரத்தை ஊதிக் காட்டினார். அச்சு அசல் அந்த மணி. “இப்ப சங்கிலிய வீசு” என்றார். வீசினேன். ணிங். விரலைக்கூட மாற்றாமல் மறுபடி ஊதினார்.

இரண்டும் ஒரே சுரம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த இசையை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சங்கிலியின் சத்தம் அந்த மணிகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்பது ஒருநாளும் என் காதில் ஏறியதில்லை. தோழி எழுந்து நின்று கத்தினாள்: “செட்டிங்ல பாட்டை மட்டும் நிறுத்துடி! அடிக்கிற சத்தம் இருக்கட்டும்!”

பிறகு நாங்கள் செய்ததை ஒரு பரீட்சை என்றே சொல்ல வேண்டும். அதே மழை மேடையில், மற்ற அடிகளுக்கு நடுவில் எதிர்பாராத நேரங்களில் பத்து முறை சங்கிலியை வீசினேன். முதலில் இசையோடு. தோழி கோடு போட்டாள்: தடுத்தது இரண்டு. பிறகு இசையை நிறுத்திவிட்டு இன்னொரு பத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. எட்டு! இடையிடையே அவர் சுரத்தை உறுதிப்படுத்த ஊதியதில், ட்ரம்பெட் சத்தம் கேட்டுக் கடைத்தெருவிலிருந்து நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா, புது மெஷினா?” என்றார்.

“என் நம்பர் தப்பில்ல” என்றாள் தோழி, கோடுகளை மறுபடி எண்ணியபடி. “நான் காதைக் கணக்குல எடுக்கல. அவ்வளவுதான்.”

நைனா எல்லாவற்றையும் முன்பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப இத்தினி நாளு நீ ஜெயிச்சதெல்லாம் அந்தப் பாட்டு ஜெயிச்சதாம்மா?” என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. இசைக்காக நான் தேர்ந்தெடுத்த மேடை எனக்காகப் பாதிச் சண்டையைப் போட்டிருக்கிறது. நான் தோற்கடித்தவர்களில் எத்தனை பேரிடம் “கை ஸ்லோ” என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சுருக்கைவிடக் கண்டுபிடித்த துள்ளல்தான் பெரிதாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அவரைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். நீக்கியது என் தப்பு என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். அடுத்த செய்தியாக மணியையும் சங்கிலியையும் ட்ரம்பெட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்து போட்டேன். கிரேன்காரர் ஐந்தே நிமிடத்தில் அதே சுரத்தில் விசிலடித்து அனுப்பினார்.

அந்த கேமைச் செய்தவர்கள் வெளிநாட்டில் ஒரு சின்னக் குழு. மூன்று பேரும் சேர்ந்து எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். பவரைக் குறைக்கச் சொல்லவில்லை. சத்தத்தை மாற்றச் சொன்னோம். தோழியின் நோட்டுப் பக்கத்தை ஸ்கேன் செய்து சேர்த்தேன். நாலு நாளில் இரண்டு வரி பதில் வந்தது: நன்றி, கேட்டுப் பார்க்கிறோம். கடைக்கு வருகிறவர்களுக்கு அரசு அலுவலகத்திலிருந்து வரும் பதில்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவ்வளவுதான் என்று தோன்றியது.

சில வாரம் கழித்து, கடையில் நல்ல கூட்டமாக இருந்த ஒரு முற்பகலில், கேமின் புதிய அப்டேட் வந்தது. மாற்றங்களின் பட்டியலை ஓட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி. மழை மேடையில் மணிகளோடு கலக்காதபடி சங்கிலியின் தொடக்க ஓசை மாற்றப்பட்டது. “ஆ!” என்று நான் போட்ட கூச்சலில், வருமானச் சான்றிதழுக்காக எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, “வந்துடுச்சா கண்ணு?” என்று ஆவலாகக் கேட்டார். அவருடையது வரவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடி ட்ரம்பெட் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அவர் ஏதோ கல்யாண ஊர்வலத்தில் இருந்தார். பின்னால் டிரம் இடித்தது.

“அண்ணா! மாத்திட்டாங்க!”

“இன்னா? மாப்பிள்ளையவா?”

“சங்கிலிய ணா! சத்தத்த மாத்திட்டாங்க! நாம சொன்னத கேட்டுட்டாங்க!”

அவர் போனை வைக்காமலே ட்ரம்பெட்டை எடுத்து அந்த ஒற்றைச் சுரத்தை நீளமாக ஊதினார். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் மறுபடி கடையில் கூடினோம். புதிய சத்தம் ‘டக்’ என்று மரத்தில் தட்டுவது போல இருந்தது. மழைக்கு மேலே தனியாகத் தெரிந்தது. ஐந்து ஆட்டம் ஆடினோம். முதல் நான்கிலும் கரடி என்னைத் துவைத்துக் காயப்போட்டது. ஐந்தாவதில் சங்கிலியை ஒரு தடவைகூட வீசவில்லை. காலால் உதைத்தே ஆடினேன். கடைசி உதை விழுந்து கரடி சாய்ந்தபோது நான் துள்ளி எழுந்ததில் முழங்கை இடித்து, மேசையிலிருந்த குண்டூசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. சிரித்துக்கொண்டே மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம்.